கற்றாழையைக் கழுவத் தெரிந்துகொள்வோம்

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி கற்றாழையைப் பற்றித்தான். ‘தினமும் வெறும் வயிற்றில் குடிக்கலாமா?’, ‘சர்க்கரைக்கு நல்லதாமே?’, ‘தோலோடு அப்படியே மிக்சியில் அடிக்கலாமா?’, ‘குடித்த மறுநாள் நாலைந்து தடவை போனது, கழிவெல்லாம் வெளியேறுகிறது என்றுதானே அர்த்தம்?’ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வீட்டில் கர்ப்பிணிகளோ, குழந்தைகளோ, மாத்திரை சாப்பிடும் பெரியவர்களோ இருந்தால், ‘யாருக்கு ஆகாது’ என்ற பகுதியை மட்டுமாவது விடாமல் படித்துவிடுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. காரைக்குடியில் அடுப்படி வேலையைப் பெரியவர்களிடம் கற்றுக்கொண்டவள். அவர்கள் ஏன் அப்படிச் செய்யச் சொன்னார்கள் என்ற காரணத்தைப் பிறகு தேடிப் படித்தவள். அந்த இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மண்ணுக்கு ஏற்ற செடி

கற்றாழையின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம். ஆனால் சிவகங்கைச் சீமையைப் பார்த்தால் இங்கேயே பிறந்த செடி என்றுதான் தோன்றும். செம்மண், சரளை, தண்ணீர் தேங்காத மேட்டு நிலம், வருஷத்தில் பாதி நாள் சுள்ளென்று வெயில். வேறு செடி வாடுகிற இடத்தில் இது மடல் மடலாகத் தடித்து நிற்கும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும்; அப்போது உள்ளிருக்கும் ஈரமும் ஆவியாகிப் போகும். கற்றாழை பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தாழ்ந்து இரவு வந்தபிறகு திறக்கிறது. சேர்த்த தண்ணீரை மடலுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. நாம் சாப்பிடுகிற சோற்றுப்பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

அதனால்தான் திருஷ்டிக்காக நிலைவாசலுக்கு மேலே வேர் மேலாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழையும் மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. சில வீடுகளில் பூத்துக்கூட விடுகிறது. ஆனால் அந்தச் செடியிலிருந்து மடல் ஒடித்துச் சாப்பிட வேண்டாம். தெருப்புழுதி, சாம்பிராணிப் புகை, மஞ்சள், குங்குமம் எல்லாம் அதன்மேல் படிந்திருக்கும். சாலையோரத்துச் செடியும் வேண்டாம். நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிவந்த செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாது. சில மாதம் வளர்ந்து புது மடல் விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம். கொல்லையிலோ மாடியிலோ நாமே பக்கக்கன்று பிரித்து வைத்த செடிக்கு ஈடு இல்லை. வைப்பதில் கஷ்டமும் இல்லை. தண்ணீரை அதிகம் ஊற்றி வேரை அழுகவிடாமல் இருந்தால் போதும்.

எந்தக் கற்றாழை?

கற்றாழை என்று பேர் இருப்பதெல்லாம் சாப்பிடுகிற கற்றாழை இல்லை. வேலியிலும் ரயில் பாதை ஓரத்திலும் ஆள் உயரத்துக்கு நிற்கிறதே, ஆனைக்கற்றாழை, ரயில் கற்றாழை என்பார்கள், அது வேறு குடும்பம். நார் எடுத்துக் கயிறு திரிக்க ஆகும். வாயில் வைக்க ஆகாது. அதன் சாற்றில் ஊசி ஊசியான ஆக்சலேட் படிகங்கள் உண்டு. தோலில் பட்டாலே அரிக்கும். தொண்டையில் பட்டால் எரிந்து வீங்கிவிடும். 2017ல் சீனாவில் ஒரு பெண் நேரலையில் கற்றாழை என்று நினைத்து இந்த இனத்து மடலைக் கடித்துவிட்டு, வாயும் தொண்டையும் மரத்து மருத்துவமனைக்குப் போன செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது.

அடையாளம் தெரிந்துகொள்வது சுலபம். ரயில் கற்றாழையின் நுனியில் குத்தூசி மாதிரி கெட்டியான கறுத்த முள் இருக்கும். மடலை ஒடித்தால் நார் நாராகப் பிரியும், சுலபத்தில் அறாது. சோற்றுக்கற்றாழையின் ஓரத்தில் சிறு முட்கள் உண்டு, ஆனால் மடல் மெத்தென்று இருக்கும். வெட்டினால் கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். உள்ளே நாரே இல்லாமல் கண்ணாடிபோன்ற சோறு தெரியும். நர்சரிகளில் அழகுக்காக விற்கிற குட்டிக் கற்றாழைகளிலும் பல இனங்கள் உண்டு. பேர் தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள்.

ஒரே மடலில் இரண்டு சரக்கு

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இந்தப் பகுதியில் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மடலைக் குறுக்கே நறுக்கி, வெட்டுவாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளியே பச்சைத் தோல். நடுவே நிறமில்லாத சோறு. இரண்டும் சேருகிற இடத்தில், தோலை ஒட்டினாற்போல வரிசையாகப் பொட்டுப் பொட்டாகச் சிறு குழாய்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பொட்டுகளிலிருந்து மஞ்சளாக ஒரு பால் கசியும். முகர்ந்தால் ஒரு காட்டமான நெடி. விரலில் பட்டுக் காய்ந்தால் கறை. நாக்கில் பட்டால் நெடுநேரம் போகாத கசப்பு.

நடுவிலிருக்கும் சோறும் தோலடியிலிருக்கும் மஞ்சள் பாலும் ஒரே மடலில் இருந்தாலும், குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. சோற்றில் இருப்பது தண்ணீரும் வழவழப்பான சர்க்கரைச் சங்கிலிகளும். பாலில் இருப்பது அலோயின் என்கிற பேதிச் சரக்கு. அந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கியதைத்தான் நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் கறுப்புக் கட்டியாகத் தருகிறார்கள். அடிபட்ட வீக்கத்துக்கு மூசாம்பரப் பற்றுப் போட்டதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். உள்ளுக்குக் கொடுப்பதென்றால் சித்த வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்து, அளவு பார்த்து, ஆள் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட சரக்கை, தோலோடு மிக்சியில் போட்டு அடித்து டம்ளர் டம்ளராகக் குடிப்பது என்ன நியாயம்?

‘நாலு தடவை போனது நல்லதுதானே’ என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். அலோயின் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் அதை வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அது குடல் சுவரைத் தூண்டி முறுக்கி, தண்ணீரை உள்ளே இழுத்துவிடுகிறது. குடித்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வயிறு பிசைந்துகொண்டு போவது அதனால்தான். உடம்பிலிருந்து போவது கழிவு அல்ல. தண்ணீரும் பொட்டாசியம் முதலான உப்புகளும். கோடையில் ஏற்கெனவே வியர்த்துக் களைத்த உடம்பு அதையும் இழந்தால் கால் சுண்டி இழுக்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். குளிர்ச்சிக்கு என்று குடித்தது உடம்பை வற்றவைத்துவிடும்.

அமெரிக்காவில் ஒருகாலத்தில் கற்றாழைப் பால் சேர்ந்த மலமிளக்கிகள் மருந்துக் கடைகளில் சீட்டில்லாமலே கிடைத்தன. அவற்றின் பாதுகாப்பை நிரூபிக்கும் தரவுகளை நிறுவனங்கள் தரவில்லை என்று, 2002ல் அந்த நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அவற்றைச் சந்தையிலிருந்து நீக்கவைத்தது. அதற்குப் பிறகு அங்குள்ள தேசிய நச்சியல் திட்டம், முழு மடலையும் தோலோடு அரைத்து எடுத்த சாற்றை எலிகளுக்குக் குடிதண்ணீரில் கலந்து இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தது. அந்த எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. 2013ல் அறிக்கை வெளியானது. அதையெல்லாம் வைத்து, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, கற்றாழை முழு மடல் சாற்றை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்கிற 2பி பிரிவில் சேர்த்திருக்கிறது.

இதைப் படித்ததும் செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அந்தச் சோதனை முழு மடலின் சாற்றைப் பற்றியது. தோலையும் பாலையும் நீக்கிக் கழுவிய சோற்றைப் பற்றியது அல்ல. எலிகள் குடித்தது நாள்தோறும், இரண்டு வருஷம். ஆக நமக்குக் கிடைக்கிற பாடம் இரண்டு: பாலை நீக்கு, தினமும் வேண்டாம்.

முதல் பாடத்தை எங்கள் பெரியவர்கள் எந்தச் சோதனைக்கூடமும் இல்லாமலே அறிந்து வைத்திருந்தார்கள். “ஏழு தண்ணி பாத்தாத்தான் ஆத்தா அது சோறு. அதுக்கு முன்னாடி வாயில வச்சுறாத” என்பார் எங்கள் அப்பத்தா. தமிழ்நாட்டில் எந்த ஊரில் கேட்டாலும் பாட்டிமார் ஏழு தடவை கழுவு என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு இரண்டு நிமிஷ வீடியோவில் கற்றாழை ஜூஸ் போட்டுக் காட்டுகிறவர்கள் பல பேர் விட்டுவிடுவது இந்த ஏழு தண்ணீரைத்தான். மிக்சியில் அடிப்பது யாருக்கும் தெரியும். கழுவுவதுதான் இதில் கைப்பக்குவம்.

வெட்டி வடியவிடுதல்

இனி வேலைக்கு வருவோம்.

மூன்று வருஷமாவது ஆன செடியாக இருக்கட்டும். அடியில், வெளிப்புறமாக விரிந்திருக்கிற முற்றிய மடலை எடுங்கள். நடுக்குருத்தில் கை வைக்காதீர்கள். செடி அங்கிருந்துதான் வளர்கிறது. மடலைத் தண்டை ஒட்டி, கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். பழுத்து மஞ்சளானதும், நுனி கருகியதும், பூஞ்சைப் புள்ளி விழுந்ததும் வேண்டாம்.

வெட்டியவுடன் உள்ளே கொண்டுபோய்த் தோலைச் சீவ ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் மண்போகக் கழுவுங்கள். பிறகு ஒரு டம்ளரிலோ கிண்ணத்திலோ வெட்டுவாய் கீழே இருக்கும்படி சாய்த்து நிறுத்துங்கள். நான் இதற்கு ஒரு பழைய மங்குக் கிண்ணம் வைத்திருக்கிறேன். வெள்ளை மங்கில் மஞ்சள் பால் இறங்குவது நன்றாகத் தெரியும். முதலில் சொட்டுச் சொட்டாக வரும், பிறகு நூல்போல வழியும், காற்றுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறும். அரைமணி நேரமாவது நிற்கட்டும். அவசரம் இல்லையென்றால் ஒரு மணி நேரம். வடிந்ததைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எங்கேயாவது சேலையிலோ வேட்டியிலோ பட்டால் கறை போகாது. சிலருக்குக் கையில் பட்டாலும் அரிக்கும். அவர்கள் கையுறை போட்டுக்கொள்ளலாம். பூண்டு, வெங்காயம் பட்டாலே தடிப்பு வருகிறவர்கள் கற்றாழையிலும் கவனமாக இருக்க வேண்டும்.

வடிந்த மடலை மறுபடி கழுவி, பலகையில் வையுங்கள். அடிப்பக்கம் ஒன்றரை அங்குலம் வெட்டி எறிந்துவிடுங்கள். பால் அதிகம் தங்குவது அங்கேதான். நுனியையும் வெட்டுங்கள். இரண்டு ஓரத்திலும் முள்ளோடு சேர்த்து அரை விரற்கடை அகலத்துக்குச் சீவுங்கள். பிறகு தட்டையாக இருக்கிற பக்கத்துத் தோலைச் சீவி எடுங்கள். மடலைத் திருப்பி, உப்பிய பக்கத்துத் தோலையும் சீவுங்கள். இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. தோலை மெல்லிசாகச் சீவினால் பால் குழாய்கள் சோற்றோடு வந்துவிடும். கொஞ்சம் சோறு தோலோடு போனால் போகட்டும், கனமாகவே சீவுங்கள். சீவியபிறகும் எங்கேயாவது இளம்பச்சையோ மஞ்சளோ தெரிந்தால், அந்த இடத்தைக் கத்தியால் சுரண்டி எடுங்கள்.

அடுத்து ஒரு சின்ன விஷயம். செய்யத் தவறுவதும் இதைத்தான். தோல் சீவின அதே கத்தியும் அதே பலகையும் அதே கையுமாகச் சோற்றை நறுக்காதீர்கள். மூன்றிலும் பால் ஒட்டியிருக்கும். மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நறுக்குங்கள்.

ஏழு தண்ணீர்

சோற்றை அரையங்குலத் துண்டுகளாக நறுக்கி, அகலமான பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, விரல்களை விட்டு மெதுவாக அலசுங்கள். அரிசி களைவதுபோலக் கசக்கத் தேவையில்லை. முதல் தண்ணீர் மஞ்சள் சாயலோடு இருக்கும், நுரையும் வரும். வடிகட்டியில் கொட்டி, பாத்திரத்தையும் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். நாலாவது ஐந்தாவது தண்ணீரில் வழவழப்பு குறைந்து, துண்டுகள் விரலிலிருந்து நழுவாமல் நிற்க ஆரம்பிக்கும். ஏழாவது தண்ணீர், ஊற்றினது போலவே தெளிவாக வெளியே வர வேண்டும். கடைசி இரண்டு தண்ணீர் காய்ச்சி ஆறினதாகவோ குடிக்கிற தண்ணீராகவோ இருக்கட்டும். பச்சையாகச் சாப்பிடப்போகிறோம் இல்லையா.

பிறகு ஒரு துண்டின் ஓரத்தை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். ஒரு ருசியும் இல்லாமல் சப்பென்று இருந்தால் சரி. கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். மறுபடி சுரண்டி, மறுபடி கழுவுங்கள். அலோயின் கடுங்கசப்பு என்பதால் நாக்கு ஓரளவுக்குக் காட்டிக் கொடுத்துவிடும். எவ்வளவு கழுவியும் கசப்புப் போகவில்லையா? அந்த மடலை விட்டுவிடுங்கள். இன்னொரு மடல் செடியில் இருக்கிறது.

கழுவுவதால் எல்லாமே போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆலைகளில் கரி வடிகட்டி வைத்துப் பிரித்து, பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குள் அலோயின் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். சர்வதேசக் கற்றாழை அறிவியல் மன்றம் உள்ளுக்குச் சாப்பிடும் பொருட்களுக்கு வைத்திருக்கும் வரம்பு அது. நம் அடுப்படியில் அந்தச் சோதனைக்கு வழி இல்லை. அதனால்தான் கழுவுவதோடு நிறுத்தாமல், அளவையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னும் கொஞ்சம் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால், கழுவிய துண்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு, வடித்து, ஆறவிடுங்கள். வழவழப்பும் நெடியும் நன்றாகக் குறையும். ராஜஸ்தானில் கற்றாழையைப் பொரியல் மாதிரி சமைத்தே சாப்பிடுகிறார்கள். உப்புப் போட்ட தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பார்கள். நம்மூரைப் போலவே தண்ணீர் குறைந்த பூமி. கசப்பை நீக்க அவர்கள் கண்டுகொண்ட வழி அது.

எப்படிச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது

எங்கள் வீட்டில் மோர்தான். கடைந்து வெண்ணெய் எடுத்த மோர் ஒரு டம்ளர்; கழுவிய கற்றாழைத் துண்டு ஒரு மேசைக்கரண்டி; தட்டிய இஞ்சி கொஞ்சம், சீரகத்தூள், உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம், கிள்ளிய கறிவேப்பிலை, மல்லித்தழை. துண்டுகளை மத்தால் லேசாக மசித்துவிட்டுக் கலந்தால் போதும். மிக்சியில் ஓட்டினால் நுரைத்துப் போகும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி–பங்குனித் திருவிழாவுக்குப் பால்குடம் எடுத்து, வெறுங்காலோடு நடந்து திரும்புகிறவர்களுக்கு அன்றைக்கு மத்தியானம் இது எவ்வளவு இதமாக இருக்கும் என்பது குடித்தவர்களுக்குத் தெரியும்.

இனிப்பு வேண்டும் என்றால் நுங்கும் கற்றாழையும் சரிபாதி நறுக்கிப் போட்டு, பனங்கற்கண்டு கரைத்த தண்ணீரும் எலுமிச்சம்பழச் சாறு சில துளியும் விட்டுக் கொள்ளுங்கள். நுங்கும் கழுவிய கற்றாழையும் வாயில் ஒன்றுபோலவே இருப்பதால், பிடிக்காது என்கிறவர்களும் சாப்பிட்டுவிடுவார்கள்.

அளவுக்கு வருவோம். பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு இரண்டு விரல் நீளத் துண்டு. முதல்முறை சாப்பிடுகிறவர் அதில் பாதியோடு நிறுத்தி, மறுநாள் வரை வயிறு எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும். வாரத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை; அதுவும் வெயில் காலத்தில். வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நுங்கு, பதநீர், நீர்மோர், பானகம் வரிசையில் இதுவும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அளவு தானாகவே வந்துவிடும். மருந்து என்று நினைத்துத் தினமும் குடிக்க ஆரம்பிக்கும்போதுதான் வம்பு வருகிறது. மாதக்கணக்கில் கற்றாழைச் சாறு குடித்துக் கல்லீரல் வீங்கி, நிறுத்தியபிறகு சரியானவர்களைப் பற்றிப் பல நாட்டு மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

வெட்டிய சோறு சீக்கிரம் கெடும். காற்றுப் பட்டால் இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகும், நீர்த்துப் போகும். கழுவியதை மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிஜ்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். நிறம் மாறியதையும் புளித்த வாடை அடிப்பதையும் கொட்டிவிடுங்கள். தோலையும் வடிந்த பாலையும் நாய், பூனை வாய் வைக்கிற இடத்தில் போடாதீர்கள். அவற்றுக்கும் வாந்தி பேதி ஆகும்.

யாருக்கு ஆகாது

கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. பால் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் குடலை முறுக்கும், கருப்பையையும் தூண்டலாம். ‘மாதவிலக்குக் கோளாறுக்குக் கற்றாழை’ என்று சித்த மருத்துவத்தில் குமரி லேகியம் முதலியவை கொடுப்பது உண்மைதான். அதே காரணத்துக்காகவே கர்ப்ப காலத்தில் அது விலக்கு. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்மாரும் தவிர்த்துவிடுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், குடல் புண், குடல் அழற்சி, ரத்தமூலம் உள்ளவர்கள், காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்கள் தள்ளி நிற்க வேண்டும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கற்றாழை சர்க்கரையைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரையை விட்டுவிட்டு இதை நம்பலாம் என்கிற அளவுக்கு எந்த ஆதாரமும் இல்லை. மாத்திரையையும் போட்டு, இதையும் தினமும் குடித்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடவும் வாய்ப்பு உண்டு. நீர் பிரிய மாத்திரை, இதயத்துக்கு டிகாக்சின், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் எடுப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. பேதியில் பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் உடம்பில் நச்சாக வேலை செய்யும். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, குடித்து வந்ததை மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவருகிறவர்களிடம், ‘நான் கற்றாழை சாப்பிடுகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி, “இலை தழையெல்லாம் போய் டாக்டர்ட்ட சொல்லணுமாத்தா?” என்று கேட்டார். சொல்லத்தான் வேண்டும் ஆச்சி. மாத்திரையும் இலையும் வேலை செய்வது ஒரே உடம்பில்தான். சித்த மருத்துவரிடம் கேட்க விரும்பினால், அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது. அங்கே கேளுங்கள்.

சாப்பிட்டபிறகு வயிறு முறுக்கிப் பேதியானால், முதலில் கற்றாழையை நிறுத்திவிட்டு உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். ரத்தம் கலந்து போனாலோ, நிற்காமல் போனாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, முகமோ உதடோ வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வழி இல்லையென்றால் 108.

கடை ஜூஸும் பாட்டில் ஜூஸும்

காலையில் நடைப்பயிற்சி போகிற இடங்களில் தள்ளுவண்டியில் கற்றாழை ஜூஸ் விற்கிறார்கள். அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான். நின்று பாருங்கள்: மடலை வடியவிடுகிறாரா, தோலைக் கனமாகச் சீவுகிறாரா, எத்தனை தண்ணீர் மாற்றுகிறார், அது என்ன தண்ணீர்? ஒரே வாளித் தண்ணீரில் காலை முழுக்க முக்கி எடுத்தால் அது கழுவுவது ஆகாது. “அண்ணே, ரெண்டு தண்ணி கூடப் பாத்துக் குடுங்க” என்று மரியாதையாகக் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்தால் விற்கிறவர்களும் செய்வார்கள்.

பாட்டிலில் வாங்குவதென்றால், முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படியுங்கள். உள் சோற்றிலிருந்து மட்டும் எடுத்ததா, முழு மடலிலிருந்து எடுத்ததா? முழு மடல் என்றால், நிறமும் கசப்பும் நீக்கி வடிகட்டியது என்று போட்டிருக்கிறதா? அலோயின் அளவு சொல்லியிருக்கிறதா? இதற்கெல்லாம் பதில் இல்லாத பாட்டிலுக்குக் கொடுக்கிற காசு வீண். ‘நோய் எல்லாம் தீரும்’ என்று எழுதியிருக்கிற பாட்டிலையும் திருப்பி வைத்துவிடுங்கள்.

நம் ஊரில் கற்றாழைக் கன்றைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு. ஒரு வீட்டில் பக்கக்கன்று வெடித்தால், கேட்டவர்களுக்கெல்லாம் பிடுங்கிக் கொடுப்பதுதான் வழக்கம். இனிமேல் கன்று கொடுக்கும்போது வடியவிடுவதையும், தோலைக் கனமாகச் சீவுவதையும், ஏழு தண்ணீரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் யாராவது முழுகாமல் இருக்கிறார்களா, யாராவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.